100 பிராய்லர் குஞ்சு, முதல் 7 நாள்: லாபமும் நஷ்டமும் இங்கேதான்!

[திரையில்: தராசில் உட்கார்ந்திருக்கும் ஒரு நாள் குஞ்சு]

இந்தக் குஞ்சின் எடை 42 கிராம். ஏழாவது நாள் இதே தராசில் வைத்தால் 180 கிராமாவது காட்ட வேண்டும். ஒரே வாரத்தில் நாலு மடங்குக்கு மேல்! அது 130 கிராமிலேயே நின்றுவிட்டால், அப்புறம் எவ்வளவு நல்ல தீவனம் கொட்டினாலும் அந்த பேட்ச் கடைசி வரை பின்தங்கித்தான் வரும்.

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, 100 கறிக்கோழி வளர்த்துப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கான வீடியோ இது.

“ஊசி போட்டுத்தானே இவ்வளவு வேகமாக வளருது?” என்று யாராவது இந்நேரம் கமெண்ட் எழுத ஆரம்பித்திருப்பீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். வளர்ச்சி ஹார்மோன் என்பது புரதம். தீவனத்தில் கலந்தால் வயிற்றிலேயே செரித்துப் போகும். ஊசி என்றால் ஒவ்வொரு கோழியையும் திரும்பத் திரும்பப் பிடித்துப் போட வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய் பார்க்கிற தொழிலில் அதற்கு யாருக்குக் கட்டுப்படியாகும்? கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 என்று மூன்று காலத்து ரகங்களை ஒரே மாதிரித் தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். ஆய்வு 2014-ல் வெளிவந்தது. 56-வது நாள் எடை என்ன தெரியுமா? 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம்! தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததன் பலன் இது. நீங்கள் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் பற்றி. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019-ல் தடை போட்டது. நூறு கோழி வளர்ப்பவரும் டாக்டர் சொல்லாமல் மருந்துக் கடையில் எதையும் வாங்கித் தண்ணீரில் கலக்காதீர்கள். இது என் வேண்டுகோள்.

ஷெட் விஷயத்தை வேகமாக முடித்துவிடுகிறேன். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் உள்ளே அடிக்காது. பக்கச் சுவர் ஒரு அடி, அதற்கு மேல் கம்பி வலை. கோழிக்கு ஒரு சதுர அடிக்குக் குறையக் கூடாது. தரையில் உமி, கடலைத்தோல், தென்னை நார்த்தூள், எது உங்கள் பக்கம் மலிவோ அதை இரண்டு அங்குலம் பரப்புங்கள். அவ்வளவுதான்.

[திரையில்: தகடு வளையம், உள்ளே குஞ்சுகள்]

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறோம். கொஞ்சம் நிதானமாகவே போகலாம்.

முட்டைக்குள் மிச்சம் இருந்த மஞ்சள் கருவைக் குஞ்சு பொரிவதற்கு முன் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் இரை, தண்ணீர் இல்லாமலே அது தாக்குப்பிடிக்கும். குஞ்சுகளைப் பெட்டியில் அடுக்கி ஊர்விட்டு ஊர் அனுப்ப முடிவது இதனால்தான். ஆனால் “மூன்று நாள் தாங்கும்தானே” என்று விட்டுவிடாதீர்கள். சீக்கிரம் இரை எடுக்கிற குஞ்சுக்குத்தான் அந்த மஞ்சள் கருவும் வேகமாக உடம்பில் சேர்கிறது, குடலும் வேகமாக வளர்கிறது.

அதனால் குஞ்சு வருவதற்கு முன்பே புரூடர், அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் வளையம், சூடாகத் தயாராக இருக்க வேண்டும். ஒன்றரை அடி உயரத் தகட்டை வட்டமாக நிறுத்துங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் செத்துப்போகும். உள்ளே முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். 100 குஞ்சுக்கு இரண்டு 100 வாட் குண்டு பல்பு போதும். எல்இடி பல்பு மாட்டிவிட்டு “சூடு வரலையே” என்று கேட்பவர்கள் நிறைய. அது வெளிச்சம் தரும், குஞ்சுக்குத் தேவையான சூடு தராது.

தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்து கிடந்தால் குளிர்கிறது. தகட்டோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒண்டினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாக மேய்ந்தும் தூங்கியும் இருந்தால் சரியாக இருக்கிறது. இன்னொன்று: ஒரு குஞ்சைத் தூக்கி அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் தரை குளிர்ந்திருக்கிறது. கால் குளிர்ந்த குஞ்சு இரை தேடிப் போகாது.

இப்போது கழுத்துக்குக் கீழே தீனிப்பையை விரலால் மெல்லத் தடவுங்கள். ஊறவைத்த அவல் மாதிரி மெத்தென்று நிறைந்திருந்தால் தின்றும் இருக்கிறது, குடித்தும் இருக்கிறது. கெட்டியாகக் குருணை குத்தினால் தண்ணீர் கிடைக்கவில்லை. வெறும் நீராகத் தளதளத்தால் தீவனத்தைக் கண்டுபிடிக்கவில்லை. 24 மணி நேரத்தில் நூற்றுக்கு 95 குஞ்சுக்காவது தீனிப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு பைசா செலவில்லாத சோதனை இது. எனக்குத் தெரிந்து கோழி வளர்ப்பிலேயே இதைவிட அழகான விஷயம் வேறில்லை! தண்ணீர்தான் குறை என்றால் குவளையைப் பக்கத்தில் நகர்த்தி, நாலைந்து குஞ்சின் அலகை நனைத்து விடுங்கள். அதைப் பார்த்து மற்றதும் வரும்.

தடுப்பு மருந்தை மறக்காதீர்கள். ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு, பதினான்காம் நாள் கம்போரோ என்ற வைரஸ் நோய்க்குத் தண்ணீரில். அந்தத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனையே இருக்கக் கூடாது. மருந்து செத்துவிடும்.

[திரையில்: மூன்று தீவன மூட்டைகள்]

தீவனம். மொத்தச் செலவில் ஏறக்குறைய 70 சதவீதம் இதற்கே போகும். பாதிக்கு மேல் மக்காச்சோளம், அடுத்து சோயாப் புண்ணாக்கு, கொஞ்சம் எண்ணெய், தாது உப்பு. முதல் பத்து நாள் ப்ரீ-ஸ்டார்ட்டர் என்ற குஞ்சுத் தீவனம், புரதம் 22, 23 சதவீதம். அப்புறம் மூன்று வாரம் முடியும் வரை ஸ்டார்ட்டர், பிறகு ஃபினிஷர். ஃபினிஷரில் புரதம் குறையும், எரிசக்தி கூடும். ஒரு கோழி 2.2 கிலோ வருவதற்கு மூன்றரை கிலோ தின்னும். 100 கோழிக்கு 50 கிலோ மூட்டை ஏழு என்று கணக்கு வையுங்கள். மூட்டையைப் பலகை மேல் அடுக்குங்கள். ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் கோழியின் ஈரலைக் கெடுக்கும். நூறு கோழிக்காகச் சொந்தமாகத் தீவனம் அரைக்க வேண்டாம் என்பது என் கருத்து. மெத்தியோனின், லைசின் என்ற அமினோ அமிலங்களின் அளவு கொஞ்சம் தவறினாலும் எடை வராது.

சித்திரை, வைகாசி வெயிலில் கடைசி வாரத்துக் கோழிதான் முதலில் சாகும். அதற்கு வியர்க்காது, மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்ற வேண்டும். காலை பத்து மணி முதல் மாலை நாலு வரை தீவனத் தட்டைத் தூக்கிக் கட்டிவிடுங்கள். குளிர்ந்த தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். பக்கவாட்டில் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள்.

கடைசியாக விற்பனை. புரட்டாசியில் கோழி எடைக்கு வருவதுபோல் குஞ்சு விடாதீர்கள். கறிக்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். தீபாவளியிலிருந்து 40 நாள் பின்னோக்கி எண்ணி இறக்குங்கள். அந்தச் சமயம் குஞ்சுக்குக் கிராக்கி இருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆறு வாரம் தாண்டிய கோழி நாளுக்கு ஏறக்குறைய 200 கிராம் தின்னும். நூறும் விற்காமல் நின்றால் தினமும் 20 கிலோ தீவனம். அதனால் ஊர்க் கறிக்கடை, மெஸ், விருந்து வைக்கிற வீடு என்று யார் எத்தனை எடுப்பார்கள் என்பதைப் பேசி முடித்துவிட்டு, அதற்குப் பிறகு குஞ்சுக்கு முன்பணம் கட்டுங்கள்.