வெறுங்கிளையின் நிறம்: பொதுத் தோட்டத்தில் பனிக்காலச் செடிகள்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். பனிக்காலத் தோட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னபோது, நம் செயலாளர் சற்றுத் தயங்கி, "பனிக்காலத்தில் தோட்டத்தில் என்ன இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாம் வளர்ந்த ஊர்களில் மார்கழி என்றால் வாசற்கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகியிருக்கும். குளிருக்கும் பூவுக்கும் அங்கே பகை இருந்ததில்லை. முன்பனி, பின்பனி என்று பனிக்கு இரண்டு பருவங்களை ஒதுக்கியவர்கள் நம் முன்னோர். ஆனால் அவர்கள் கண்ட பனி இலையில் முத்தாகத் திரளும் ஈரம், மண்ணையே கல்லாக இறுக்கும் உறைபனி அன்று. ஆகவே இங்கிலாந்தின் கிழக்குப் பகுதிக்குக் குடிவந்த நம்மில் பலர், நவம்பர் தொடங்கியதும் தோட்டம் என்ற சொல்லையே ஏப்ரல் வரை மறந்துவிடுகிறோம். அப்படி மறக்க வேண்டியதில்லை என்பதைக் கேம்பிரிட்ஜ் நகருக்குள்ளேயும் அதன் அருகிலும் இருக்கும் இரண்டு தோட்டங்களைக் கொண்டு சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

செடிகளைப் பற்றிப் பேசுமுன் வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிசம்பர் 21 அன்று சென்னையில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் நிற்கும். அதே நாளில் கேம்பிரிட்ஜில் அது 15 பாகையைக்கூட எட்டுவதில்லை. பகற்பொழுதும் எட்டு மணி நேரத்துக்குக் குறைவு. இந்தச் சாய்ந்த ஒளியைத்தான் நாம் பெருங்குறையாகப் பேசிக்கொள்கிறோம். பனிக்காலத் தோட்டத்துக்கோ அதுவே மூலதனம். தலைக்கு மேலிருந்து விழும் வெயில் இலையின் மேற்பரப்பைக் காட்டும். பக்கவாட்டில் வரும் வெயில் கிளைகளுக்குள் புகுந்து, ஒவ்வொரு குச்சியையும் பின்னாலிருந்து விளக்கேற்றியது போல ஒளிரச் செய்யும். எந்தச் செடியை வாங்குவது என்பதைவிட, நடப்பவரின் கண்ணுக்கும் சூரியனுக்கும் இடையே அதை எங்கே நிறுத்துவது என்பதே இக்கலையில் முக்கியம் என்பது என் துணிபு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டம் 1846-இல் இப்போதைய இடத்தில் திறக்கப்பட்டது. சார்லஸ் டார்வினுக்கு ஆசிரியராக இருந்த ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோவின் முயற்சியால் உருவான அந்த நாற்பது ஏக்கர் நிலத்தில், செடிகள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்காகவும் பாடத்துக்காகவும் குடும்பவாரியாக நடப்பட்டவை. அதற்குள் 1970-களின் இறுதியில் உருவான பனிக்காலத் தோட்டம் மட்டும் வேறு நோக்கில் அமைந்தது. இன்ன குடும்பம், இன்ன நாடு என்று பாராமல், ஜனவரியில் கண்ணுக்கும் மூக்கிற்கும் எது விருந்தாகுமோ அதை மட்டும் சேர்த்தார்கள்.

அங்கே முதலில் கண்ணைப் பிடிப்பது டாக்வுட் என்னும் கார்னஸ் புதர்கள். 'சைபீரிக்கா' என்ற வகையின் கிளைகள் குங்குமச் சிவப்பு. 'ஃபிளேவிராமியா' பசுமை கலந்த மஞ்சள். 'மிட்வின்டர் ஃபயர்' அடியில் மஞ்சளாகத் தொடங்கி, செம்மஞ்சளாகி, நுனியில் சிவந்து, பெயருக்கேற்பத் தணலாகவே நிற்கும். கோடையில் இவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இலை உதிர்ந்த பிறகுதான் இவற்றுக்கு வாழ்வு. இளம் பட்டையில் தேங்கும் ஆந்தோசயனின் என்னும் நிறமிதான் அந்தச் சிவப்பு. கிளை முதிர முதிர மேலே தக்கைப் படலம் வளர்ந்து பட்டை பழுப்பேறிவிடும், நிறம் மங்கிவிடும். எனவே மார்ச் மாதம், மொட்டு விரிவதற்கு முன், புதரைத் தரையிலிருந்து சில அங்குலம் மட்டும் விட்டு முழுவதுமாகக் கவாத்து செய்துவிடுகிறார்கள். பார்க்கும் நமக்குப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கட்டையிலிருந்து கோடையில் ஆளுயரத்துக்கு எழும் புதுப் போத்துகளே அடுத்த பனிக்காலத்தின் நிறம். 'மிட்வின்டர் ஃபயர்' மட்டும் சற்று நோஞ்சான். அதை ஆண்டுதோறும் அடியோடு வெட்டாமல், நட்ட முதல் சில ஆண்டுகள் விட்டுப் பிடித்து, பிறகு பகுதி பகுதியாகக் கவாத்து செய்வதே நல்லது.

இது தெரியாததால் வரும் கேட்டை நானே பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு சிற்றூர்ப் பூங்காவில் டாக்வுட்டை நடைபாதை ஓரமாக ஒற்றை வரிசையில் நட்டு, வேலிச்செடி போல மேலே மட்டும் சமமாகக் கத்தரித்து வைத்திருந்தார்கள். பத்து வயதுக் கிளைகள் விறகு நிறத்தில் நின்றன. பலகையில் மட்டும் 'செங்கிளைச் செடி' என்று எழுதியிருந்தது. இன்னொன்று, ஒற்றைச் செடியாக நட்டால் இதில் அழகே இல்லை. இருபது முப்பது செடிகளைத் திரளாக நட்டு, எதிரே குளமோ கரிய பசுமையோ இருக்கச் செய்தால்தான் தூரத்திலிருந்தே அழைக்கும். வீட்டுத் தோட்டத்தால் இயலாத இந்தத் தாராளம் பொதுத் தோட்டத்தால் இயலும்.

டாக்வுட்டோடு சேர்த்து நடும் வெண்கிளை முட்செடி ரூபஸ் காக்பர்னியானஸ். ஊதாநிறத் தண்டின் மேல் மாவு பூசியது போன்ற மெழுகுப் படலம். நிலவொளியில் எலும்புக்கூடு மாதிரி நிற்கும். முள்ளும் உண்டு, வேரிலிருந்து பரவும் குணமும் உண்டு. ஆகவே பாத்தியின் பின்வரிசையே அதற்கு இடம். வீட்டில் நட ஆசைப்படாதீர்கள்.

கேம்பிரிட்ஜிலிருந்து சில மைல் தொலைவில், லோட் என்னும் ஊரில் ஆங்கிள்சி அபே இருக்கிறது. முதலாம் ஃபேர்ஹேவன் பிரபு 1966-இல் காலமானபோது, பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பேணும் தேசிய அறக்கட்டளைக்கு (நேஷனல் டிரஸ்ட்) விட்டுச்சென்ற மாளிகையும் தோட்டமும் அவை. அவருடைய பிறந்த நூற்றாண்டின் நினைவாக அமைத்து 1998-இல் திறந்த பனிக்கால நடைபாதை வளைந்து வளைந்து செல்கிறது. அடுத்து என்ன வரும் என்பது வளைவு திரும்பும் வரை தெரியாது. வழியில் பிரூனஸ் செருலா என்னும் திபெத்திய செர்ரியின் பட்டை துலக்கிய செப்புக் குடம் போலப் பளபளக்கிறது. கடைசியில் திரும்பினால் திடீரென்று இமயமலை பிர்ச் மரங்களின் தோப்பு: இலையற்ற, சுண்ணாம்பு வெண்மையான அடிமரங்கள் மட்டும். பாசியும் தூசும் படிந்து அந்த வெண்மை மங்கிவிடாமல் இருக்க, பனிக்காலத்துக்கு முன் தோட்டக்காரர்கள் மரங்களைத் தண்ணீர்விட்டுத் தேய்த்துக் கழுவுகிறார்கள். மரத்தைக் குளிப்பாட்டுவதா என்று சிரிக்க வேண்டாம். நமக்குப் பனையோலை எப்படியோ, வடக்கே காஷ்மீரத்துக்கு இந்த மரத்தின் பட்டை அப்படி. பூர்ஜபத்திரம் என்று அதில் சுவடி எழுதினார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ள பக்‌ஷாலி கணிதச் சுவடியும் பிர்ச் பட்டையே.

வியப்பென்னவென்றால், பனிக்காலத் தோட்டங்களின் வாசனைக்கு முதன்மையான செடி ஒன்றும் இமயமலையின் எழுதுபொருளே. டாஃப்னி போலுவாவின் பட்டை நாரிலிருந்துதான் நேபாளத்தில் லோக்தா என்னும் கைக்காகிதம் செய்கிறார்கள். இங்கே எங்கும் காணப்படும் 'ஜாக்குலின் போஸ்டில்' என்ற வகையை 1982-இல் ஹில்லியர் நர்சரியில் ஆலன் போஸ்டில் உருவாக்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். ஜனவரி, பிப்ரவரியில் இளஞ்சிவப்புக் கொத்துகளாகப் பூக்கும். சார்க்கோகாக்காவின் பூவோ கண்ணுக்கே தெரியாது. இலைக்கடியில் வெள்ளை நூல் துணுக்காக ஒளிந்திருக்கும். அதன் தேன் மணத்தை நுகர்ந்தவர்கள் எங்கிருந்து வருகிறது என்று சுற்றுமுற்றும் தேடுவதைக் காண்பது எனக்குத் தனி இன்பம். பனிக்காலப் பூக்களுக்கு இவ்வளவு வாசனை ஏன்? அந்நாளில் பறக்கும் பூச்சிகள் மிகச் சில. வெதுவெதுப்பான ஒரு பகலில் கூட்டை விட்டு வரும் ஒன்றிரண்டு வண்டுத்தேனீக்களைத் தொலைவிலிருந்தே வரவழைத்தாக வேண்டும். குளிர்காற்றில் மணம் எளிதில் பரவாது என்பதால், இச்செடிகளை வாயிலருகிலும் பாதை திரும்பும் மூலைகளிலும், சுவர் அல்லது பசும்புதரின் மறைவிலும் வைக்கிறார்கள்.

விட்ச் ஹேசலை விட்டுவிட முடியாது. மஞ்சள் காகிதத்தை நறுக்கிவிட்டது போன்ற அதன் இதழ்கள் கடுங்குளிரில் சுருண்டுகொண்டு, வெயில் வந்ததும் மீண்டும் விரியும். அதனால்தான் உறைபனி அதைக் கொல்வதில்லை. சீன வகையைச் சார்லஸ் மேரிஸ் 1879-இல் சீனாவிலிருந்து அனுப்பினார். வீச் நிறுவனத்தின் நாற்றங்காலில் அது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அடையாளம் காணப்படாமலே கிடந்தது. இன்று அது இல்லாத பனிக்காலத் தோட்டம் கிடையாது.

தரையில் ஸ்னோட்ராப், சைக்ளமன், மஞ்சள் அக்கோனைட் ஆகிய குறும்பூச்செடிகள் உண்டு. ஆங்கிள்சி அபேயில் ஸ்னோட்ராப் வகைகளே முந்நூறுக்கு மேல்; அவற்றைத் தனித்தனியே வேறுபடுத்திக் காண்பது எனக்குக் கைவராத வித்தை என்பதால் அதற்குள் நுழையவில்லை.

வரும் வாரம் நம்மில் சிலர் அங்கே போவதாகச் சொன்னீர்கள். மதிய உணவை முடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்பலாம் என்று எண்ண வேண்டாம். நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்து, நடைபாதையில் செல்லும்போது வெயில் எந்தப் பக்கம் இருக்கிறதென்று அவ்வப்போது பார்த்துக்கொண்டு, டாக்வுட் புதருக்கு எதிர்ப்பக்கம் சுற்றிவந்து ஒருமுறை நில்லுங்கள்.