எட்டுத் தோல்வி, ஒரு ஹைஸ்மன்: நோட்டர் டேம் 1956

[திரையில்: சவுத் பெண்ட், இண்டியானா மாநிலம், அமெரிக்கா]

1956இல் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணிக்குப் பத்து ஆட்டத்தில் எட்டு தோல்வி. அந்த அணியின் வீரருக்குத்தான் அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கிடைத்தது. தோல்விகளே மிகுந்த அணியிலிருந்து அதை வாங்கியவர் இன்றுவரை பால் ஹோர்னங் ஒருவர்தான்.

இது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டர் டேமுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. பயிற்சியாளர் ஃபிராங்க் லேஹி காலத்தில் நான்கு முறை தேசிய சாம்பியன். 1954இல் அவர் இடத்துக்கு வந்த டெரி பிரென்னனுக்கு வயது 25! முதல் ஆண்டு ஒன்பது வெற்றி, அடுத்த ஆண்டு எட்டு. ஆனால் நிர்வாகம் கால்பந்துக்கான உதவித்தொகை இடங்களைக் குறைத்துவிட்டிருந்தது. அதன் வலி 1956இல் தெரிந்தது.

[திரையில்: 47–14, 40–0, 33–7]

மிச்சிகன் ஸ்டேட், ஓக்லஹோமா, நேவி என்ற மூன்று கல்லூரி அணிகளிடம் வாங்கிய அடி இது. அடுத்தடுத்த மூன்று வாரத்தில் விட்டுக்கொடுத்தது 120 புள்ளிகள். முதல் இரண்டு அடியும் சொந்த மைதானத்தில், சொந்த ரசிகர்கள் கண்ணெதிரே. அப்புறம் அயோவா 48–8 என்று வெளுத்தது. வென்றது இண்டியானாவையும் வட கரோலினாவையும் மட்டும்.

சரி, இப்படிப்பட்ட அணியில் ஹோர்னங் என்ன செய்தார்? கேட்டால், எல்லாம். அன்றைய விதிப்படி வீரர்களை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. தாக்கியவரே தடுக்கவும் வேண்டும். குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்துபவர், ஆன ஹோர்னங் பந்தை எறிந்தார், ஏந்தி ஓடினார், உதைத்தார், எதிரணி உதைத்ததைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் ஓடினார், மற்ற நேரத்தில் ஆட்களை மடக்கி வீழ்த்தினார். கடைசி ஆட்டத்தில், கைக் கட்டைவிரல்களில் காயத்தோடு, தெற்கு கலிபோர்னியாவுக்கு எதிராக 95 கெஜம் ஓடி டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) போட்டார். அந்த ஆட்டமும் தோல்விதான், 28–20.

மறுபக்கமும் உண்டு. அந்த சீசனில் அவர் எறிந்ததில் டச்டவுன் ஆனவை 3. எதிரணி கையில் விழுந்தவை 13.

[திரையில்: ஹோர்னங் 1,066, மேஜர்ஸ் 994]

முதல் மூன்று இடங்களுக்கும் புள்ளி தரும் வாக்கெடுப்பில் டென்னசியின் ஜானி மேஜர்ஸ் இரண்டாமிடம். முதலிட வாக்குகளை மட்டும் எண்ணினால் ஓக்லஹோமாவின் டாமி மெக்டொனால்டுதான் முன்னிலை. ஆனால் அதே அணியின் ஜெர்ரி டப்ஸும் பட்டியலில் இருந்ததால் ஓக்லஹோமா வாக்குகள் பிரிந்தன. நோட்டர் டேம் என்ற பெயருக்கு நாடு முழுக்க இருந்த மவுசும் ஹோர்னங்குக்குக் கைகொடுத்திருக்கும்.

என்னைக் கேட்டால், விருது போயிருக்க வேண்டியது சிரக்யூஸின் ஜிம் பிரவுனுக்கு. கோல்கேட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 43 புள்ளிகள் எடுத்த அந்தக் கறுப்பின வீரர் வாக்கெடுப்பில் ஐந்தாமிடம். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 1957 தேர்வில் தொழில்முறை லீக்கும் ஹோர்னங்கைத்தான் முதலில் எடுத்தது. பிரவுன் ஆறாவதாகத்தான் போனார்.