கிழிந்துபோன கடைசி எட்டுப் பக்கம்

(குளச்சல் கடற்கரையில் நடந்த கோடைப் பட்டிமன்றம். தலைப்பு: ‘விடுமுறை நாளில் மனதுக்கு நிறைவு தருவது கனமான நூல்களா, கடற்கரைக் காதல் நாவல்களா?’ காதல் நாவல்களே என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணிக்கு வணக்கம். மணலில் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா இரண்டு வார்த்தை சொன்னார். ஒன்று, காதல் நாவல் கடலைப் பொட்டலம் மாதிரி, கொறித்து முடித்ததும் காகிதத்தைக் கசக்கி எறிய வேண்டியதுதான் என்றார். கைதட்டினீர்கள். இரண்டாவது, 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கிற கடலுக்கு முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தால் ஐயன் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றார். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினீர்கள். கடலைப் பொட்டலத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் வள்ளுவரிடம் போவோம்.

ஐயா, அந்தச் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறந்தது. படகில் போய் இறங்கி எத்தனை முறை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள்! அந்த 133 அடி எப்படிப் பிரிகிறது? பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம். பீடத்துக்கு மேலே ஐயன் 95 அடி. பொருட்பாலுக்கு 70 அதிகாரம், இன்பத்துப்பாலுக்கு 25 அதிகாரம், கூட்டினால் 95. அறம் காலடியில் கல்லாகத் தாங்குகிறது. பொருளும் இன்பமும் ஐயனின் உடம்பாகவே நிற்கின்றன. அந்த உடம்பில் 25 அடி காதல், பேராசிரியர் ஐயா! 25 அடி!

250 குறள். முதல் பார்வையில் ஆரம்பிக்கிறார். அப்புறம் கண்ஜாடை, ஊர் பேசுகிற பேச்சு, பிரிவு, தூக்கம் வராத இரவு, கனவு, ஊடல். 1330-வது குறள் எங்கே போய் முடிகிறது? ஊடல் தீர்ந்து இருவரும் கூடுகிற இன்பத்தில் முடிகிறது. அறமும் அரசும் அமைச்சும் படையும் சொல்லி முடித்த பெருமகன், கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரைச் சேர்த்துவைத்துவிட்டுத்தான் எழுத்தாணியைக் கீழே வைத்திருக்கிறார். அவர் முகத்தைத் திருப்ப மாட்டார் ஐயா. “எந்தப் பக்கம் படித்துக்கொண்டிருக்கிறாய்?” என்று குனிந்து பார்ப்பார்!

கடற்கரையில் காதல் கதை படிப்பது மேல்நாட்டுப் பழக்கம் என்றும் ஒரு சொல் வந்தது. அங்கே கோடையில் கடற்கரைக்குக் கொண்டுபோகவென்றே கதை எழுதுகிறார்கள், உண்மைதான். ஆனால் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று பெயர் வைத்து, பொழுது சாயும் நேரத்தையும் பிரிந்தவனுக்காக ஏங்கும் பெண்ணையும் அதற்கென்றே ஒதுக்கிவைத்தது யார்? எட்டுத்தொகையில் ஐந்து நூல் முழுக்க முழுக்க அகம். ஐங்குறுநூற்றில் நெய்தலுக்கு மட்டும் நூறு பாட்டு, பாடியவர் அம்மூவனார். நம் சரக்கு ஐயா இது.

சரி, கடலைப் பொட்டலம்.

என் அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, தூத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். மாமா கொச்சியிலிருந்து போட்டில் ஏறி, கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போகிறவர். ஏறினால் முப்பது நாள், நாற்பது நாள். ஜூனில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால்தான் ஆள் வீட்டில் நிலைப்பார். மூன்றாம் வகுப்பு முடிந்த மே மாதம் நான் மாமி வீட்டுக்கு விடுமுறைக்குப் போயிருந்தேன். காலையில் அக்கானி என்கிற பதநீர், மதியம் நுங்கு, மற்ற நேரமெல்லாம் ஏ.வி.எம். கால்வாய்க் கரை.

அந்தத் தெருவுக்கு ஒரு புத்தகம் வந்தது. மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் யாரோ வாங்கிய மாத நாவல். மட்டக் காகிதம், அட்டையில் கடல், கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பெண். கதை சின்னதுதான். கப்பலில் வேலைக்குப் போனவன் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான், அவள் காத்திருக்கிறாள். அது கைமாறிக் கைமாறி ஐந்தாவது ஆளாக மாமியிடம் வந்தது. புளிக்கறி வைத்த கையின் மஞ்சள் கறை ஒரு பக்கத்தில், பிள்ளையைத் தொட்டிலாட்டியவள் மடித்த மடிப்பு இன்னொரு பக்கத்தில். மாமி இரவு வேலையெல்லாம் முடித்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் படிப்பார்.

நான் ஒரு காரியம் செய்தேன். கால்வாயில் விடக் கப்பல் வேண்டும். புத்தகத்தின் கடைசி எட்டுப் பக்கத்தைக் கிழித்தேன். தாளுக்கு இரண்டாக எட்டுக் கப்பல். வரிசையாக விட்டேன், எட்டும் போய்விட்டன.

அன்றைக்கு ராத்திரி மாமி கடைசிக்கு வந்துவிட்டார். அலை அடிக்கிறது, அவள் கரையில் நிற்கிறாள், தூரத்தில் ஒரு... அதோடு தாள் இல்லை. தூரத்தில் ஒரு என்ன? மாமி என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமி என்னை அடிக்கவில்லை. விடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் படித்த நாலு வீட்டுக்கும் நடந்தார். நாலு வாசலிலும் ஒரே கேள்வி: “அவன் வந்தானா?”

மேட்டு வீட்டு அக்கா சொன்னார், “வந்தான் மாமி. வள்ளத்தில் வந்தான், அவள் குருசடிப் பக்கம் நின்றிருந்தாள்.” அடுத்த வீட்டில், “வள்ளமா? பஸ்ஸில் அல்லவா வந்தான், மழையில் நனைந்துகொண்டு வந்து இறங்கினான்.” தையல் தைக்கிற பெண், “முதலில் கடிதம் வந்தது மாமி, அப்புறம்தான் ஆள் வந்தான்.” நாலாவது வீட்டில் வலை பின்னுகிற பாட்டி. அவருக்குப் படிக்கத் தெரியாது, பேத்தி வாசித்துக் கேட்டவர். “கிறிஸ்துமஸ் ராத்திரி வந்தான் மக்களே. பூசைக்கு மணி அடிக்கிறது, அவன் வாசலில் நிற்கிறான்.”

ஒரே புத்தகம். ஒரே எட்டுப் பக்கம். ஒருத்தி வள்ளத்தில் வரவழைத்தாள், ஒருத்தி பஸ்ஸில், ஒருத்தி கடிதத்தின் பின்னால், ஒருத்தி பூசை மணியோடு. அந்தத் தெருவில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்காரன் எப்படி வர வேண்டும் என்று நினைத்தாளோ அப்படி அவனை வரவைத்திருக்கிறாள்! பேராசிரியர் ஐயா, கொறித்துவிட்டு எறிந்த பொட்டலமா இது?

நாலையும் கேட்டுவிட்டு மாமி வழியில் நின்று என்னிடம் சொன்னார்: “எதில் வந்தால் என்ன மக்களே, வந்தானில்லையா!” அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். எட்டுக் கப்பலையும் எனக்கு மன்னித்துவிட்டார்.

மாமி வீட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால், சுவரில் கரிக்கோடுகள் இருக்கும். மாமா போன நாளிலிருந்து நாளுக்கு ஒன்று. ராத்திரி படுக்கப் போகுமுன் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். அவர் போன நாளைச் சுவரில் குறித்துத் தொட்டுத் தொட்டு விரல் தேய்ந்தது என்று ஒரு பெண் சொல்வதாக 1261-வது குறள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதற்கு எனக்கு உரை தேவைப்படவில்லை. அந்தச் சுவரை நான் பார்த்திருந்தேன்.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். உங்களிடம் நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை. மாமாவின் போட்டு அடித்துக்கொண்டு போய் லட்சத்தீவில் ஒதுங்கியது. பதினான்காம் நாள் மாமா வீட்டுக்கு வந்தார். வந்த அன்று மாமி சுவரைத் துடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் வரவில்லை. அவர் எங்கே போனார் என்று கடல் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். ஆறுதல் சொன்னார்கள், படிவம் நிரப்பினார்கள், படம் எடுத்தார்கள். அக்கா யாரோடும் பேசவில்லை.

அடுத்த மே மாதம் நான் அங்கே இருந்தேன். மத்தியான வெயில். அக்கா வேலி ஓரம் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அங்கிருந்தே கேட்டார்: “மாமி, வந்து சேருகிற கதை ஏதாவது இருக்கா?”

மாமி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அலமாரிக்கு மேலே துணிப்பையில் பத்துப் பதினைந்து நாவல் கிடக்கும். ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். அட்டையைப் பார்க்கவில்லை, முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்து, விரலை நனைத்து ஒவ்வொரு தாளாகத் தள்ளி எண்ணிப் பார்த்தார். கடைசி எட்டுப் பக்கமும் இருந்தது.

கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தார், நடுவர் அவர்களே.

வணக்கம்.