காய்ச்சல் விட்ட பிறகும் விடாத நோய்

நண்பர்களே, வணக்கம்.

வலது கை தொடையை அழுத்தியபடி, ஒவ்வோர் அடிக்கும் உடம்பைச் சாய்த்து நடக்கும் மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏன் கையை அங்கே ஊன்றுகிறார்கள்? தொடையின் முன்பக்கத் தசைதான் முழங்காலை மடங்காமல் நிறுத்துகிறது. அது செயலிழந்துவிட்டால் எடை வைத்ததும் முழங்கால் மடங்கி ஆள் விழுந்துவிடுவார். அதனால் தசை செய்ய வேண்டிய வேலையைக் கை செய்கிறது; தொடையைப் பின்னுக்குத் தள்ளி முட்டியைப் பூட்டுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் குழந்தைகள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்ட நடை அது.

போலியோ என்னும் இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிப் போவதைப் பார்த்துவிட்டு நோய் காலில் இருப்பதாகத்தான் நினைக்கிறோம். அடிபட்ட இடம் தண்டுவடம். மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்பு செல்கள் தண்டுவடத்தின் முன்பகுதியில் இருக்கின்றன. அப்படி ஒரே ஒரு செல், கால் தசையின் நூற்றுக்கணக்கான நார்களை இயக்கும். போலியோ வைரஸ் குறிவைத்து அழிப்பது இந்த செல்களைத்தான். தொடுவதையும் வலியையும் உணரும் நரம்புகளை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. ஆகவே அந்தக் காலில் ஊசியால் குத்தினால் குழந்தைக்கு வலிக்கும். காலை இழுத்துக்கொள்ளத்தான் முடியாது. இந்த நோயின் கொடுமையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வைரஸ் உள்ளே வருவது பெரும்பாலும் வாய் வழியாக. மலம் கலந்த தண்ணீர், கழுவாத கை, இவைதான் அதன் பாதை. தொண்டையிலும் குடலிலும் பெருகுகிறது. பத்துப் பேரைத் தொற்றினால் ஏழு பேருக்கு எதுவுமே தெரியாது. சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, வாந்தி வந்து சரியாகிவிடும். சுமார் 200 தொற்றுகளில் ஒன்றுதான் வாதமாகிறது. கேட்க ஆறுதலாக இருக்கிறது, இல்லையா? எனக்கு இது பயத்தைத்தான் தருகிறது. ஒரு குழந்தைக்குக் கால் விழுந்துவிட்டது என்று தெரியவரும்போது, சுற்றிலும் எத்தனையோ பேர் நல்ல உடம்போடு அந்தக் கிருமியைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள்.

வாதம் சில நாள்களுக்குள் முற்றிவிடும். காய்ச்சல் தணிந்ததும் மேலே பரவுவது பொதுவாக நின்றுவிடும். ஆனால் வளரும் குழந்தை அல்லவா! தசை இழுக்காத எலும்பு சரியாக வளராது. ஒரு கால் குட்டையாகிறது, இடுப்பு சாய்கிறது, முதுகெலும்பு வளைகிறது.

மூச்சுத் தசைகள் விழுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாதம் வந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் இப்படித்தான் இறக்கிறார்கள். 1952இல் கோபன்ஹேகன் நகரில் இந்த நோய் கொள்ளைநோயாகப் பரவியபோது, நோயாளியை உள்ளே படுக்கவைத்து மூச்சு விடவைக்கும் இரும்பு நுரையீரல் எந்திரங்கள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்தலாம் என்றார். யார் அமுக்குவது? மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். முறை வைத்து, இரவும் பகலும், நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு அமுக்கினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்துதான் பிறந்தது.

சரி, உயிர் பிழைத்தாயிற்று. செத்துப்போன நரம்பு செல்கள் திரும்ப வருவதில்லை. பிழைத்திருக்கும் செல்கள் அப்போது ஒரு காரியம் செய்கின்றன. புதுக் கிளைகள் விட்டு, கட்டளை கிடைக்காமல் தவிக்கும் தசை நார்களைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. ஒரு செல் தன் வழக்கமான சுமையைப் போலப் பல மடங்கு சுமக்கிறது. முதல் சில மாதங்களில் கால் கொஞ்சம் தேறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த அதிகச் சுமைக்கு விலை உண்டு. பதினைந்து, முப்பது, நாற்பது வருடங்கள் கழித்து, நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்குப் புதிதாகத் தளர்ச்சி வருகிறது. படி ஏற முடியவில்லை, மூட்டு வலிக்கிறது, சாயங்காலத்துக்குள் உடம்பு ஓய்ந்துவிடுகிறது. வைரஸ் திரும்பி வரவில்லை. இத்தனை காலம் இரட்டிப்பாக உழைத்த செல்கள் கிளைகளை ஒவ்வொன்றாக இழக்கின்றன என்பதே மருத்துவர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். இதைப் 'பின்போலியோ நோய்க்குறி' என்கிறார்கள். இவர்களிடம் போய் 'சோம்பல்படாமல் இன்னும் நன்றாகப் பயிற்சி செய்' என்று சொல்வது பெரிய தவறு. அளவு மீறிய பயிற்சி அந்தத் தசையை இன்னும் களைக்க வைக்கும். இடையிடையே ஓய்வு, எடைக் கட்டுப்பாடு, தேவையானால் காலைத் தாங்கும் சட்டமான காலிப்பரோ சக்கர நாற்காலியோ எடுத்துக்கொள்வது, இவைதான் உதவும். சிறு வயதில் கஷ்டப்பட்டுக் காலிப்பரைக் கழற்றி எறிந்தவருக்கு, அறுபதில் மறுபடி அதை மாட்டச் சொல்வது எவ்வளவு கசக்கும் என்பதைப் பக்கத்தில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

வந்த பிறகு வைரஸை ஒழிக்க இன்றுவரை மருந்து கிடையாது. தடுப்பதற்கு உண்டு: 1955இல் ஜோனஸ் சால்க்கின் ஊசி, அப்புறம் ஆல்பர்ட் சேபினின் சொட்டு மருந்து. இயற்கையில் இருந்த மூன்று வகை வைரஸ்களில் இரண்டு ஒழிந்துவிட்டன. மிச்சமிருக்கும் முதல் வகை பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் சுற்றுகிறது. புதிய நோயாளிகள் இல்லாத நாடுகளிலும் பழைய நோயாளிகள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்து, ஏதாவது அறுவை சிகிச்சைக்குப் போவதாக இருந்தால், ஐம்பது வருடத்துக்கு முன் வந்த போலியோவை மயக்க மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தசையைத் தளர்த்தும் மருந்துகள் அவர்களிடம் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்யலாம். மூச்சு பழைய நிலைக்குத் திரும்பக் கூடுதல் நேரம் ஆகலாம்.