சூரியகாந்தி வயலில் சவோயா குதிரைப்படை

நண்பர்களே, இத்தாலியின் குதிரைப்படை என்றாலே எல்லாரும் 1942 ஆகஸ்ட் 24-க்குத்தான் ஓடுவார்கள், சவோயா காவல்லேரியா என்ற இத்தாலியக் குதிரைப்படைப் பிரிவு ரஷ்யாவில் சோவியத் படை மீது பாய்ந்த நாள் அது. நானும் அங்கேதான் போகப்போகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு 250 வருடம் பின்னே போய்விட்டு வருவோம், ஏனென்றால் அன்று நடந்ததைப் புரிந்துகொள்ள அது உதவும்.

1692-ல் சவோய் அரசர்குடியின் இரண்டாம் விக்டர் அமதேயுஸ் இந்தப் படைப்பிரிவைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் டிரகூன்கள் என்றொரு வகை வீரர்கள் உண்டு. டிரகூன் என்றால் குதிரையில் போய்ச் சேர்ந்து, இறங்கி, தரையில் நின்று துப்பாக்கியால் சண்டை போடுகிறவன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1706-ல் டுரின் முற்றுகை முறிந்தபோது, வெற்றிச் செய்தியைச் சுமந்து வந்த வீரனின் கழுத்தில் காயம் பட்டு வெள்ளைக் கழுத்துத்துணி சிவந்துவிட்டதாகச் சொல்வார்கள். அந்த நினைவாகத்தான் சவோயா காவல்லேரியா வீரர்கள் இன்றும் சிவப்பு டை கட்டுகிறார்கள்.

சரி, இப்போது டான் நதிக்கு வருவோம். ரஷ்யாவின் பரந்த புல்வெளி, இஸ்புஷென்ஸ்கி என்ற சிற்றூர்ப் பக்கம். ஹிட்லரோடு சேர்ந்து முசோலினி அனுப்பிய படை அது, அடுத்தவன் மண்ணில் நின்ற படை, அதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியும்போது ரோந்துக்குப் போனவர்கள் சூரியகாந்திச் செடிகளுக்கு நடுவே சோவியத் வீரர்கள் குழி தோண்டிக் காத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் சுமார் 2,000 பேர், இவர்கள் சுமார் 700. கர்னல் அலெஸ்ஸாந்த்ரோ பெத்தோனி ஒரு பிரிவைப் பக்கவாட்டில் சுற்றிவந்து தாக்கச் சொன்னார், அவர்கள் உருவிய வாளும் கையெறிகுண்டுமாகப் பதுங்குகுழிகள் மீது பாய்ந்தார்கள். பிறகு இன்னொரு பிரிவும் குதிரையோடு பாய்ந்தது.

ஓவியங்களில் நீங்கள் பார்ப்பது இவர்களைத்தான். ஆனால் இவர்கள் உயிரோடு திரும்பினார்கள் என்றால், எதிரியின் கவனத்தையும் குண்டுகளையும் முன்பக்கமாக இழுத்து வைத்திருந்தது குதிரையை விட்டு இறங்கிய நான்காம் பிரிவு, பின்னாலிருந்து சுட்டுக்கொண்டே இருந்தன இயந்திரத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும். அந்த நான்காம் பிரிவின் தலைவர் கேப்டன் சில்வானோ அப்பா (Abba). 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நவீன ஐந்துபோட்டியில் வெண்கலம் வாங்கியவர், அந்த ஐந்தில் ஒன்று குதிரையேற்றம். அப்படிப்பட்ட மனிதர் அன்று காலாட்படை வீரனாக, தரையில் முன்னேறும்போது இறந்தார். பழைய டிரகூன்கள் எப்படிச் சண்டை போட்டார்களோ அப்படியே. எனக்கு அந்தக் காலையின் நாயகர் அவர்தான்.

இத்தாலியர் பக்கம் 32 பேர் இறந்தார்கள், 50-க்கும் மேற்பட்டோர் காயம், நூறு குதிரைகளுக்கு மேல் போயின. எதிர்ப்பக்கம் 150 பேர் இறந்தார்கள், சுமார் 500 பேர் பிடிபட்டார்கள் என்பது இத்தாலியக் கணக்கு. அன்றைய மோதலில் வென்றார்கள். நான்கே மாதத்தில் டான் முனையில் இத்தாலியப் படையே சிதறிப்போனது.

அப்புறம் ஒன்று, இதை 'உலகின் கடைசிக் குதிரைப்படைத் தாக்குதல்' என்று எழுதுவது தவறு. அதே 1942 அக்டோபரில் குரோவேஷியாவின் பொலோயில் இத்தாலியின் அலெஸ்ஸாந்திரியா குதிரைப்படைப் பிரிவு பாய்ந்திருக்கிறது, 1945 மார்ச்சில் போலந்துக்காரர்களும் பாய்ந்தார்கள்.

இன்று சவோயா காவல்லேரியா இருப்பது இத்தாலியின் குரோசெத்தோ நகரில், கவச வண்டிகளோடு. அந்தக் காலையில் காயம்பட்டு, பிழைத்து, இத்தாலிக்குத் திரும்பி, 1960 வரை வாழ்ந்த அல்பீனோ என்ற குதிரையின் உடலைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.