பிடி இல்லாத கிண்ணத்தில் தேநீர்: ஒரு கைவானோடு இருபது நிமிடம்

வணக்கம் நண்பர்களே. இன்று மேசையில் அதிகம் எதுவும் இல்லை. ஒரு கெட்டில், ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை, இரண்டு குட்டிக் கோப்பைகள், அப்புறம் இதோ இந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணம். கிட்டே காட்டுகிறேன். மேலே ஒரு மூடி, நடுவில் கிண்ணம், அடியில் தட்டு. மூன்றும் சேர்ந்ததுதான் கைவான். மூடி வானம், தட்டு பூமி, இடையில் இருக்கும் கிண்ணம் மனிதன் என்று சீனர்கள் சொல்வார்கள். பிடி மட்டும் கிடையாது. அந்தப் பிடி இல்லாத விஷயத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

டீ குடித்தால் மனம் அமைதியாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த அமைதியில் பாதிக்கு மேல் பாத்திரத்தின் வேலை. பிடி வைத்த கப்பை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மறு கையால் போனைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். கைவானில் அது நடக்காது. பாருங்கள், விளிம்பின் ஒரு பக்கம் கட்டைவிரல், எதிர்ப்பக்கம் நடுவிரல், ஆள்காட்டி விரல் மூடியின் குமிழ்மேல். மூடியை லேசாகச் சாய்த்து ஒரு கீற்று இடைவெளி விட வேண்டும். அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும், இலை உள்ளேயே நிற்கும். இடைவெளி பெரிதானால் இலையும் சேர்ந்து வரும், சின்னதானால் நீர் வடியாது.

விளிம்பு வெளிப்பக்கமாக விரிந்திருக்கிறது, கவனித்தீர்களா? அது அழகுக்கு மட்டும் இல்லை. தண்ணீர் அந்த விரிவுக்குக் கீழே நின்றால் விளிம்பு அவ்வளவாகச் சுடாது. அதையும் தாண்டி ஊற்றினால் விரலை வைக்க முடியாது. அதனால் எவ்வளவு ஊற்றுகிறோம் என்று பார்த்துத்தான் ஊற்ற வேண்டியிருக்கும். எதை எங்கே பிடிக்கிறோம், எந்தக் கோணத்தில் சாய்க்கிறோம் என்று கவனிக்காமல் இருக்கவே வழியில்லை. மூச்சைக் கவனி, எண்ணங்களை நிறுத்து என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கையில் சூடான ஒன்று இருக்கும்போது மனம் தானாகவே அங்கே வந்துவிடும்.

சரி, தண்ணீர் கொதித்துவிட்டது. இன்று போடப்போவது தியெகுவான்யின், சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து அன்ஷி பகுதியின் ஊலாங் தேயிலை. பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட வகை. உருண்டை உருண்டையாகச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இந்தக் கைவான் சுமார் 100 மில்லி பிடிக்கும், அதற்கு 5 கிராம் இலை. முதலில் வெறும் வெந்நீரை ஊற்றிக் கிண்ணத்தைச் சூடாக்கிக் கொட்டிவிடுகிறேன். இப்போது இலையைப் போட்டு, மூடி, ஒரு குலுக்கு. மூடியைத் திறந்து முகர்ந்தால் ஈரம் படாத இலையின் மணம் வரும். எனக்கு இந்த நொடி குடிப்பதைவிடப் பிடிக்கும்.

தண்ணீர் ஊற்றியாயிற்று. 15 விநாடி போதும். வடிக்கிறேன்.

நம் வீட்டு டீ போல ஒரே தடவையில் கொதிக்க வைத்து இறக்கும் வேலை இல்லை இது. இதே இலையில் இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று ஆறேழு முறை ஊற்றலாம். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் தண்ணீரில் பூ மணம் தூக்கலாக இருக்கும், மூன்றாவதில் வாயில் ஒரு கனம் கூடும், கடைசியில் லேசான இனிப்பு மட்டும் மிஞ்சும். ஒரு பெரிய குவளையை ஒரேயடியாகக் குடித்து முடித்துவிட்டால் இந்த மாற்றமெல்லாம் தெரியாமலே போய்விடும். கிண்ணம் சின்னதாக இருப்பதால்தான் ஓய்வும் சின்னச் சின்னதாகப் பலமுறை கிடைக்கிறது.

இதற்குப் பீங்கான் ஏன்? யீஷிங் ஊரின் ஊதா நிற மண் கூஜாக்களைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். மெருகு, அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு, பூசாத அந்த மண் தேநீரின் மணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும், அதனால் ஒரு கூஜாவுக்கு ஒரு வகைத் தேயிலை என்று ஒதுக்கி வைப்பார்கள். பீங்கான் எதையும் உறிஞ்சாது. காலையில் பச்சைத் தேநீர், மாலையில் ஊலாங் என்று மாற்றிக்கொள்ளலாம், கழுவினால் போதும். உள்ளே வெள்ளையாக இருப்பதால் நிறம் அப்படியே தெரிகிறது. இதோ பாருங்கள், இளம் பொன் நிறம்.

இப்போது நான் ரொம்ப ரசிக்கிற பகுதிக்கு வருகிறேன், இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்பது. ஜியாங்ஷி மாகாணத்தில் ஜிங்தேஜென் என்ற ஊர். சோங் வம்சப் பேரரசர் ஜென்சோங் தன் ஆட்சியில் 1004 முதல் 1007 வரையிலான காலத்துக்கு வைத்த ஜிங்தே என்ற பெயர்தான் இந்த ஊருக்கும் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அங்கே பீங்கான் செய்கிறார்கள். இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, பீங்கான் கல். ஆற்றுத் தண்ணீரின் வேகத்தில் ஏறி இறங்கும் மர உலக்கைகளால் அதை மாவாக இடிப்பார்கள். இன்னொன்று கயோலின் என்ற வெள்ளை மண். பக்கத்திலிருக்கும் காவ்லிங் மலையிலிருந்து வந்ததால் அந்தப் பெயர்.

1712ல் தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஜிங்தேஜென்னில் பார்த்ததையெல்லாம் விரிவாகக் கடிதமாக எழுதி அனுப்பினார். ஐரோப்பியர்கள் கயோலின் இல்லாமல் கல்லை மட்டும் வைத்துப் பீங்கான் செய்ய முயன்றதைக் கேள்விப்பட்ட அந்த ஊர் வணிகர் ஒருவர், எலும்பே இல்லாமல் சதையை மட்டும் வைத்து உடம்பு செய்யப் பார்த்தார்கள் என்று சிரித்தாராம். கயோலின்தான் எலும்பு. அது இருப்பதால்தான் ஏறக்குறைய 1300 டிகிரி சூட்டிலும் கிண்ணம் உருக்குலையாமல் நிற்கிறது. கல்லின் பகுதி உருகிக் கண்ணாடித் தன்மை கொடுக்கிறது. விரலால் சுண்டிப் பார்க்கிறேன், கேளுங்கள். இந்தக் கணீர் சத்தம் மண் பாத்திரத்தில் வராது.

1637ல் சீனாவில் வெளிவந்த ஒரு தொழில்நுட்பக் களஞ்சியம், ஒரு கோப்பை முழுமையாக 72 கைகளைத் தாண்டி வர வேண்டும் என்கிறது. ஒருவர் சக்கரத்தில் வனைவார், ஒருவர் காய்ந்ததைச் செதுக்கி மெல்லிசாக்குவார். ஒருவர் நீலக் கோடு மட்டும் போடுவார், உள்ளே நிறம் நிரப்ப வேறொருவர். அந்தக் கோபால்ட் நீலம் பூசும்போது மங்கிய சாம்பல் கறுப்பாகத்தான் இருக்கும். மேலே மெருகு பூசிச் சூளைக்குள் போய் வந்த பிறகுதான் நீலம் வெளியே வரும். வரைகிறவர் கண்ணால் பார்க்காத நிறத்தில் வரைகிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வருகிறது. இவ்வளவு பேர் நிதானமாகச் செய்த பொருளை நாம் அவசரமாகக் கையாள்வது எனக்குச் சரியாகவே படவில்லை.

மிங் வம்சம் ஆண்ட காலத்தில் அரண்மனைக்கென்றே ஜிங்தேஜென்னில் தனிச் சூளை இருந்தது. தேர்வாகாதவற்றை வெளியே விடாமல் உடைத்துப் புதைத்தார்கள். அந்தச் சில்லுகளைத் தோண்டியெடுத்து ஒட்டும் வேலையைத் தொல்லியலாளர்கள் செய்துவருகிறார்கள். அந்த அரண்மனைப் பீங்கான்களில் ஒன்று, செங்ஹுவா பேரரசர் காலத்து, அதாவது 1465க்கும் 1487க்கும் இடைப்பட்ட காலத்துச் சின்னக் கோப்பை. சேவலும் கோழியும் குஞ்சுகளும் வரைந்தது. 2014ல் ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. வாங்கிய ஷாங்காய் செல்வந்தர் லியு யிசியான் அதிலேயே தேநீர் ஊற்றிக் குடித்தார், படமும் வந்தது. அரும்பொருளில் குடிக்கலாமா என்று பலர் கோபப்பட்டார்கள். நான் அவர் பக்கம். உதட்டில் படுவதற்காகச் செய்த பொருள் அது.

அமைதி என்றதும் பேச்சே இல்லாத, யாருமே இல்லாத அறையைக் கற்பனை செய்யாதீர்கள். செங்டு நகரத்து மக்கள் பூங்காவில் ஹெமிங் என்ற பழைய தேநீர்க் கடை இருக்கிறது. மூங்கில் நாற்காலிகள், சீட்டாட்டம், காது குடைந்துவிடுகிறவர்கள், ஒரே பேச்சுச் சத்தம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கைவான். அங்கே வடித்து ஊற்றுவதில்லை. மூடியால் இலையை ஒதுக்கிவிட்டுக் கிண்ணத்திலிருந்தே குடிப்பார்கள். தண்ணீர் தீர்ந்தால் மூடியைத் தட்டின்மேல் சாய்த்து வைத்தால் போதும், ஆள் வந்து ஊற்றிவிடுவார். ஒரே கிண்ணத்தோடு ஒரு மதியம் முழுக்க உட்காரலாம், எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். இந்தச் சத்தத்துக்கு நடுவிலேயும் மனிதர்கள் அமைதியாகத்தான் இருக்கிறார்கள்.

குவாங்டோங் மாகாணத்து சாவோஜோவில் முறை வேறு. அங்கே மூன்று சின்னக் கோப்பைகள் வழக்கம். நான்கு பேர் இருந்தாலும் பெரும்பாலும் மூன்றுதான், ஒருவர் விட்டுக்கொடுத்து அடுத்த சுற்றில் குடிப்பார். கைவானைக் கோப்பைகளின் மேல் சுற்றிச் சுற்றி ஊற்றுவதை குவான் கோங் நகரைச் சுற்றி வருகிறார் என்பார்கள், கடைசிச் சொட்டுகளைச் சமமாகப் பங்கிடுவதை ஹான் ஷின் படையை எண்ணுகிறார் என்பார்கள். இரண்டு பேரும் சீன வரலாற்றின் பெரிய தளபதிகள். முதல் கோப்பை வெளிறியும் கடைசிக் கோப்பை கசந்தும் போகக்கூடாது, எல்லோருக்கும் ஒரே ருசி வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சுற்று. அதே வேலையை என் மேசையில் இந்தக் கண்ணாடிக் குடுவை செய்கிறது. மொத்தத்தையும் இதில் வடித்துக் கலந்த பிறகு கோப்பையில் ஊற்றினால் பேதம் வராது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 100 முதல் 120 மில்லி, வெறும் வெள்ளை, விளிம்பு நன்றாக விரிந்தது, மூடியின் குமிழ் உயரமாக இருப்பது. இது போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. படம் வேண்டுமென்றால் மெருகுக்கு அடியில் வரைந்த நீலத்தை எடுங்கள். மெருகுக்கு மேலே பளிச்சென்று நிறம் பூசிய மலிவான கிண்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதுவும் உள்பக்கம் பூசியிருந்தால் வேண்டவே வேண்டாம். பச்சைத் தேயிலைக்கு 80 டிகிரி சுற்றி இருந்தால் போதும், கொதிநீர் ஊற்றினால் கசக்கும். பால், சர்க்கரை சேர்க்கும் டீக்கு இந்தக் கிண்ணம் தோதுப்படாது.

உடைந்துவிடுமே என்று கேட்பீர்கள். உடையலாம். சீனாவில் அதற்கும் ஒரு கைத்தொழில் உண்டு. உடைந்த துண்டுகளைச் சேர்த்து, விரிசலின் இரண்டு பக்கமும் மிக நுண்ணிய துளை போட்டு, உலோகக் கொக்கிகளால் தைத்துவிடுவார்கள். துளை பீங்கானின் பாதித் தடிமன் வரைதான் போகும், மறுபக்கம் வராது. கைதேர்ந்தவர் தைத்தால் தண்ணீர் கசியாது. கொக்கிகள் வெளியே வரிசையாகத் தெரியும், மறைக்க மாட்டார்கள். இன்று இதைச் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனாலும் கற்றுக்கொள்கிற இளைஞர்களும் இருக்கிறார்கள்.

அந்தத் தையல் வேலையைத் தனி வீடியோவாகப் போட ஆசை. அதற்கு முன் சாவோஜோ மூன்று கோப்பை முறையை முழுதாகச் செய்து காட்டுகிறேன். இன்று நான்காம் தண்ணீர்வரைதான் வந்திருக்கிறேன், மிச்சத்தைக் கேமராவை அணைத்துவிட்டுக் குடிக்கிறேன். பார்க்கலாம், வணக்கம்.