மாதிரி இரயில் படங்கள் ஏன் பொம்மை போலத் தெரிகின்றன? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். சென்ற காணொளியைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து ஓர் அன்பர் ஒரு கேள்வியும் இரண்டு படங்களும் அனுப்பியிருக்கிறார். கேள்வியை அப்படியே வாசிக்கிறேன். “ஐயா, ஆறு அடிக்கு இரண்டு அடிப் பலகையில் எச்ஓ (HO) என்ற மாதிரி இரயில் அளவில் ஒரு சிறிய இரயில் நிலையம் கட்டி வருகிறேன். கண்ணால் பார்க்கும்போது நிறைவாக இருக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்தால் பொம்மைக் கடையில் எடுத்தது போல ஆகிவிடுகிறது. வேலையும் பாதிதான் முடிந்திருக்கிறது. மற்ற ஆர்வலர்களுக்கு இப்போதே படம் அனுப்பலாமா, அல்லது எல்லாம் முடிந்த பிறகு நன்றாக எடுத்து அனுப்புவது முறையா?”

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதே அனுப்புங்கள். முடிந்துபோன வேலையின் படத்தைப் பார்ப்பவர் பாராட்டலாம், அதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய முடியாது. பாதியில் நிற்கும் வேலையின் படத்தைப் பார்ப்பவரால் உங்களுக்குக் கை கொடுக்க முடியும். இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். நான் தொடங்கிய காலத்தில், என் பாதையில் ஒரு பாயிண்ட்டைக் (வண்டி ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு மாறும் இடம்) கடக்கும்போதெல்லாம் ஒரே பெட்டி தடம் புரண்டுகொண்டிருந்தது. மூன்று மாதம் அதை யாரிடமும் சொல்லாமல், அந்த இடம் படச்சட்டத்துக்குள் வராதபடி பார்த்துப் பார்த்துப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். பிறகு ஒரு நாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, பாயிண்ட்டை நேர் மேலிருந்து ஒரு படமும், அந்தப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் சக்கரங்களை ஒரு படமும் எடுத்து, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் தெரியும்படி அனுப்பினேன். கால் மணி நேரத்துக்குள் ஒரு மூத்த நண்பர், ஒரு ஜோடிச் சக்கரம் மட்டும் அச்சில் உள்பக்கமாக நகர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டார். மூன்று மாதம் நான் மறைத்த இடத்தில்தான் தீர்வு இருந்தது.

ஆகவே நாம் பகிரும் படங்களில் இரண்டு வகை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அந்தச் சிறிய உலகத்துக்குள் நின்று பார்ப்பது போன்ற காட்சிப் படம். மற்றொன்று, எப்படிச் செய்தோம் என்று காட்டும் வேலைப் படம். இரண்டுக்கும் எடுக்கும் முறை வேறு. நீங்கள் அனுப்பியிருக்கும் இரண்டு படங்களும் காட்சிப் படமாகவும் அமையவில்லை, வேலைப் படமாகவும் அமையவில்லை. அதனால்தான் பொம்மை போலத் தெரிகின்றன. வேலையில் குறை இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். நடைமேடைக் கூரையின் நெளிதகடுகளுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் துருவின் நிறம் மிக அழகாக வந்திருக்கிறது.

காட்சிப் படத்தில் முதலாவது, கேமரா இருக்கும் உயரம். எச்ஓ என்பது உண்மை அளவில் 87-இல் ஒரு பங்கு. நடைமேடையில் நிற்கும் ஒருவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்றால், உங்கள் பலகையில் அது 18 மில்லிமீட்டர். 160-இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவில் செய்பவர்களுக்கு அது வெறும் 10 மில்லிமீட்டர். நீங்கள் பலகைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் கைப்பேசியைப் பிடித்து எடுத்திருக்கிறீர்கள். அந்த ஓர் அடி, எச்ஓ கணக்கில் 26 மீட்டர். எட்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து இரயில் நிலையத்தைப் பார்ப்பதற்குச் சமம். இரயிலை அப்படிப் பார்த்துப் பழகியவர்கள் நம்மில் மிகக் குறைவு என்பதால், மனம் உடனே இது சிறிய பொருள் என்று முடிவு செய்துவிடுகிறது.

இதற்கு எளிய வழி கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பது. கைப்பேசியின் லென்ஸ் மேல் மூலையில் இருப்பதால், திருப்பினால் அது பலகையை ஒட்டி வந்துவிடும். நடைமேடை மீதோ லெவல் கிராசிங் சாலை மீதோ கைப்பேசியை அப்படியே நிறுத்தி, சிறிய துணிப்பையில் அரிசியை நிரப்பிப் பின்னால் முட்டுக் கொடுங்கள். விரல் பட்டு ஆடாமலிருக்க டைமர் வைத்து எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியாத அளவு ஆடும் மரக்கிளைகூடப் படத்தில் கலங்கித் தெரியும். கேமரா தாழ்ந்தவுடன் சன்னல் கம்பியும் பீரோவும் பின்னால் தெரியத் தொடங்கும் என்பதால், வெளிர் நீல சார்ட் தாளை மூலை விழாமல் வளைத்துப் பின்திரையாக நிறுத்துங்கள். அடிவானத்தை நெருங்க நெருங்க வானம் வெளுத்துத்தான் இருக்கும், ஆகவே கரு நீலம் வேண்டாம்.

இரண்டாவது காரணம் தெளிவின் ஆழம். பொம்மைத் தோற்றத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். லென்ஸ் ஒரு தூரத்தைக் குவியத்தில் பிடிக்கும்போது, அதற்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட அளவுக்குத்தான் தெளிவாக இருக்கும். பொருள் எவ்வளவு நெருங்கி வருகிறதோ அவ்வளவுக்கு அந்த அளவு சுருங்கும். முழு அளவு உணரி (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) உள்ள கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/8-இல் (இது ஒளி புகும் துளையின் அளவு, எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) வைத்து அரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக இருப்பது மொத்தமே சுமார் 5 சென்டிமீட்டர்தான். ஆனால் பெரம்பூரில் கட்டப்பட்ட ஐசிஎஃப் பெட்டி ஏறக்குறைய 21.3 மீட்டர் நீளம், எச்ஓவில் அது 24.5 சென்டிமீட்டர். அதாவது, சாய்வாக நின்று எடுத்தால் ஒரே ஒரு பெட்டியின் நீளம்கூட முழுமையாகத் தெளிவாக விழாது. உண்மையான நிலையத்தில் நாம் பல மீட்டர் தள்ளி நின்று எடுக்கும்போது வண்டியின் பெரும்பகுதி தெளிவாகவே விழும். முன்னும் பின்னும் மங்கி நடுவில் ஒரு கீற்று மட்டும் தெளிவாக இருந்தால், பார்ப்பவரின் மனம் அதைச் சிறிய பொருளாக எடுத்துக்கொள்ளும். உண்மையான நகரத்தைப் படம் எடுத்து, மேலும் கீழும் செயற்கையாக மங்கவைத்துப் பொம்மை நகரம் போலக் காட்டுகிறார்களே, அதுவும் இதே காரணத்தால்தான் பலிக்கிறது.

கேமரா வைத்திருப்பவர்கள் துளையைச் சிறிதாக்கலாம். எஃப்/22-க்குப் போனால் அந்த 5 சென்டிமீட்டர் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் ஆகும். ஆனால் அவ்வளவு சிறிய துளையில் ஒளியின் விளிம்பு விளைவு (துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது) காரணமாகப் படம் முழுவதுமே சற்று மழுங்கிவிடும், எனவே எஃப்/11 அல்லது எஃப்/16-உடன் நிறுத்திக்கொள்வது நல்லது. பெரும்பாலான கைப்பேசிகளில் துளையை மாற்ற முடியாத குறையை, உணரி சிறிதாக இருப்பது ஓரளவுக்கு ஈடு செய்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, நெருங்கிப் போகாமல் பின்னால் வந்து எடுத்து, பிறகு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொள்வது. தூரத்தை இரண்டு மடங்காக்கினால் தெளிவின் ஆழம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். உங்கள் இரண்டாவது படத்தில் போர்ட்ரெயிட் முறை இயங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். சிக்னல் கம்பத்தைச் சுற்றி விளிம்பு கரைந்திருப்பதைப் பாருங்கள். அந்த முறை வேண்டுமென்றே பின்னணியை மங்கவைப்பது, நமக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறானது. பொறுமை உள்ளவர்கள் கேமராவை அசைக்காமல், குவியத்தை மட்டும் முன்னிருந்து பின்னாக நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக உள்ள பகுதியை ஒன்றுசேர்க்கும் மென்பொருளில் இணைக்கலாம். ஹெலிகான் ஃபோகஸ், செரீன் ஸ்டாக்கர் ஆகியவை இதற்கென்றே இருக்கின்றன.

மூன்றாவது வெளிச்சம். உலகத்துக்குச் சூரியன் ஒன்று, நிழலும் ஒன்று. உங்கள் அறையில் டியூப் லைட்டும் மஞ்சள் பல்பும் சேர்ந்து எரிந்திருப்பதால், நடைமேடையில் நிற்கும் மனிதருக்கு இரண்டு நிழல்கள் விழுந்திருக்கின்றன, இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருக்கின்றன. எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு ஒரே விளக்கை, இயன்ற அளவு தூரத்தில், பக்கவாட்டில் உயர்த்தி வைத்து எடுத்துப் பாருங்கள். அதைவிடச் சிறந்தது, உங்கள் பலகை ஆறு அடிதான் என்பதால், இருவர் சேர்ந்து காலை ஏழு மணிக்கு மொட்டை மாடிக்குத் தூக்கிச் செல்வது. சாய்வான வெயிலில் ஜல்லியின் ஒவ்வொரு துகளுக்கும் நிழல் கிடைக்கும், பின்னணிக்கு உண்மையான வானமே வந்து நிற்கும். ஆனால் வெயில் ஏறுவதற்குள் இறக்கிவிடுங்கள். நடுப்பகல் சூட்டில் பிளாஸ்டிக் சுவர்கள் வளைவதையும், தண்டவாளம் நீண்டு நெளிவதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்திய இரயில்களை எச்ஓவில் செய்யும் நமக்கு மட்டும் உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர், அது 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு உரிய அளவு. ஆகவே எஞ்சினை நேர் எதிரே நின்று எடுத்தால், அகலமான உடலும் குறுகிய பாதையுமாகத் தெரிந்துவிடும். உங்கள் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சினின் படம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. முக்கால் பக்கவாட்டில் தாழ்ந்து நின்று எடுத்தால் இது கண்ணை உறுத்தாது. அதற்காக மறைக்கவும் வேண்டாம். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தையே பயன்படுத்தியிருக்கிறேன் என்று படத்தின் கீழே எழுதிவிடுங்கள். தானே 19.3 மில்லிமீட்டரில் பாதை போட நினைக்கும் இன்னொருவருக்கு, நீங்கள் ஏன் அந்த வழியில் போகவில்லை என்பதும் பயனுள்ள செய்திதான்.

இனி வேலைப் படம். இதற்கு அழகு தேவையில்லை, அளவு தேவை. நேர் மேலிருந்தோ நேர் பக்கத்திலிருந்தோ எடுங்கள். ஸ்கேலோ ஒரு நாணயமோ சட்டத்துக்குள் இருக்கட்டும். பலகையின் அடிப்பக்கத்தையும் எடுங்கள். பாயிண்ட்டை நகர்த்தும் மோட்டாருக்குப் போகும் கம்பிகளை எந்த நிறத்தில் பிரித்திருக்கிறீர்கள் என்பது, புதிதாக வருபவருக்கு மேலே தெரியும் மலையையும் மரத்தையும் விடப் பெரிய உதவி. படத்தின் கீழே எழுதும் வரிகளில் பொருளையும் அளவையும் சொல்லுங்கள். ஜல்லி ஒட்டினேன் என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. ஃபெவிகாலையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்து, ஊசி போடும் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டேன், ஒரு நாள் காயவிட்டேன் என்று எழுதினால், படிப்பவர் அன்று மாலையே செய்து பார்க்கலாம். தவறிப்போன முயற்சியின் படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். திரவம் சேர்க்காமல் விட்டபோது பசை ஜல்லிக்குள் இறங்காமல் மேலேயே உருண்டு நின்ற படம், நூறு வார்த்தைகளில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். காட்சிப் படத்தில் பின்னால் தெரியும் ஒரு மின்கம்பியை மென்பொருளில் அழிப்பதில் எனக்கு மறுப்பில்லை. வேலைப் படத்தில் எதையும் அழிக்கக் கூடாது, ஏனெனில் அதைப் பார்த்து இன்னொருவர் கட்டப் போகிறார்.

அனுப்பும் முறை பற்றிச் சுருக்கமாக. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு நுணுக்கங்கள் போய்விடும், எனவே வேலைப் படங்களை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஆனால் ஆவணமாக அனுப்பும்போது, படம் எடுத்த இடத்தின் விவரமும் கோப்புக்குள்ளேயே சேர்ந்து போகக்கூடும். விலை உயர்ந்த எஞ்சின்கள் வீட்டில் இருக்கும்போது அது தேவையில்லை, கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை முன்பே நிறுத்திவிடுங்கள். ஒரு முறைக்கு ஐந்தாறு படங்கள் போதும். மற்றவர் எடுத்த படத்தை அவர் பெயர் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

மூலக் கோப்புகளைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல், வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் ஜான் ஆலன் என்ற புகைப்படக் கலைஞர், தம் வீட்டின் அடித்தளத்தில் கோரி அண்ட் டிஃபீட்டட் (Gorre & Daphetid) என்ற பெயரில் எச்ஓ அளவில் ஒரு மலைப்பாதையைப் பல ஆண்டுகள் கட்டினார். பளபளக்கும் எஞ்சின்களே அழகு என்று பலரும் நினைத்திருந்த காலத்தில், மாடல்களுக்குத் துருவும் புகைக்கரியும் ஏற்றினார். பாதை இன்னும் நீள்வது போலத் தோன்றக் கண்ணாடிகளை ஒளித்து வைத்தார். தாமே படம் எடுத்து, மாடல் ரெயில்ரோடர் இதழ் வழியாக மற்றவர்களுடன் பகிர்ந்துகொண்டார். 1973 ஜனவரியில் அவர் காலமான சில நாட்களில், தீ விபத்தில் அந்த அமைப்பின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போயிராத, அவர் காலத்துக்குப் பிறகு பிறந்த என்னைப் போன்றவர்கள் அவருடைய வேலையைக் கற்றுக்கொண்டது, அவர் எடுத்து வைத்த படங்களிலிருந்துதான்.

மதுரை அன்பருக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிலையக் கட்டடத்தின் சுவருக்கும் தரைக்கும் இடையே மயிரிழை அளவு வெளிச்சம் தெரிகிறது, கட்டடம் மிதப்பது போல இருக்கிறது. நேரில் பார்க்கும்போது இது தெரிந்திருக்காது, கேமராதான் காட்டிக்கொடுத்திருக்கிறது. சலித்த மண்ணைச் சுவரோரம் தூவி, அதே ஃபெவிகால் கலவையை விட்டு அந்த இடைவெளியை அடைத்துவிடுங்கள். பிறகு கைப்பேசியைத் தலைகீழாக நிறுத்தி அதே இடத்தை ஒரு படமும், பலகையின் அடிப்பக்கத்தை ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். அடுத்த காணொளியில் அவ்விரண்டையும் வைத்துக்கொண்டு மின்இணைப்பு பற்றிப் பேசலாம்.